குக்கர் வராத ஊர்

இந்த வருடம் குக்கர் வராது என்று மார்ச் மாதமே சொல்லிவிட்டேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே, காதில் விழும்படி சொன்னேன். என் வீட்டுக்காரர் பழனிசாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செரி செரி, பாத்துக்கலாம்" என்றார். அவர் 'பாத்துக்கலாம்' என்றால் அந்த விஷயம் கிணற்றில் போட்ட கல் என்று அர்த்தம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதுகூடத் தெரியாவிட்டால் நான் என்ன பெண்டாட்டி?

எந்தக் குக்கர் என்று கேட்பீர்கள். கரண்டில் சோறு வைக்கிற குக்கர். சின்னது, வெள்ளை நிறம், மூடியில் ரோஜாப்பூ படம். என் மகள் ஹர்ஷிதா கைக்குழந்தையாக இருந்தபோது கன்னியாகுமரிக்குப் போனோம். குழந்தைக்குக் குழைந்த சோறு வேண்டுமே என்று அப்போது வாங்கியது. அவள் வளர்ந்து என்ஜினியரிங் முடித்துவிட்டாள். குக்கர் மட்டும் எங்கள் பெட்டியை விட்டு இறங்கவேயில்லை. காரணம் இவர்தான். இவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். வேளாவேளைக்குச் சோறு வேண்டும், ரசம் வேண்டும், தயிர் வேண்டும். வெளிச் சாப்பாடு ஒத்துக்காது. சப்பாத்தியைப் பார்த்தால் காய்ந்த தோல் என்பார். ஆகவே எங்கே போனாலும் இவருடைய லுங்கியில் குக்கரைச் சுற்றி, அரிசியைத் தலையணை உறையில் கட்டி, ரசப்பொடி பருப்புப்பொடி ஊறுகாய் சகிதமாக நாங்கள் கிளம்புவோம். மற்றவர்கள் ஊர் பார்க்கப் போவார்கள். நாங்கள் குடித்தனம் மாற்றிப் போவோம்.

கோவாவில் இவரும் பிள்ளைகள் இரண்டு பேரும் கடலில் குளித்துக்கொண்டிருந்தபோது நான் லாட்ஜ் அறையில் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். ஃப்யூஸ் போய்விட்டது. மேனேஜர் வந்து கதவைத் தட்ட, கொதிக்கிற குக்கரைத் துண்டில் சுற்றிக் குளியலறையில் ஒளித்துவைத்தேன். அந்த மனிதருக்கு ரச வாசனை தெரியாமலா இருந்திருக்கும்? மானம் போனது. ஆக்ராவில் தாஜ்மகாலை நான் அரிசி களைந்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நேரிலும் போனோம். ஆனால் திரும்பி வந்து சாப்பாட்டைத் தயார் செய்ய வேண்டுமே என்ற நினைப்பில், பாதியிலேயே "போதும் வாங்க" என்று எல்லோரையும் கிளப்பியதும் நானேதான். காசியிலும் அதே கதை. காசிக்குப் போனாலும் கர்மம் தொலையாது என்று சும்மாவா சொன்னார்கள். என் கர்மத்துக்கு மூடியும் உண்டு, சிவப்பு விளக்கும் உண்டு.

இதில் இன்னொரு கூத்து. அது சின்னக் குக்கர் இல்லையா, நாலு பேருக்குச் சோறு வேண்டுமென்றால் இரண்டு தடவை வைக்க வேண்டும். முதல் தடவை வைப்பது இவருக்கும் பிள்ளைகளுக்கும். இரண்டாவது வைக்கலாம் என்று பார்த்தால் மூன்று பேரும் கையைக் கழுவிக்கொண்டு வாசலில் செருப்போடு நிற்பார்கள். ஆட்டோ காத்திருக்கும். அடியில் ஒட்டியதைச் சுரண்டி, மோரை ஊற்றி, நின்றபடியே குடித்துவிட்டு ஓடுவேன். பத்து ஊர் பார்த்தவள் என்று எனக்குப் பெயர். எந்த ஊரிலும் ஒரு வாய் சூடாகச் சாப்பிட்டதில்லை.

ஹர்ஷிதாவுக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது. ஜூலையில் சேர வேண்டும். இனிமேல் அவளுக்கு லீவு கிடைத்தால் இவருக்குக் கிடைக்காது, இவருக்குக் கிடைத்தால் சின்னவன் சாய்கிருஷ்ணாவுக்குப் பரீட்சை வரும். அதனால் இந்தக் கோடையில் ஒரே ஒரு தடவை, நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, யாரோ சமைத்ததைச் சாப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மலையா கடலா என்பதெல்லாம் அப்புறம்.

ஆனால் எங்கள் வீட்டில் ஊர் முடிவு செய்வது என்பது எலெக்‌ஷன் மாதிரி. தினமும் ஒரு ஊர் நிற்கும், தினமும் ஒரு ஊர் டெபாசிட் இழக்கும். ஹர்ஷிதா மேகாலயா என்று ஒற்றைக்காலில் நின்றாள். போனில் அருவி அருவியாகக் காட்டினாள். சாய்கிருஷ்ணாவுக்குப் பனி வேண்டும், அது எந்த மாநிலத்தில் விழுந்தாலும் சரி. இவர் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அங்க சோறு கெடைக்குமா?"

"டாடி, மேகாலயாலோ ரைஸே திண்டாரு" என்றாள் ஹர்ஷிதா. தெலுங்கு ஊரில் வளர்ந்த பிள்ளைகள் இரண்டுக்கும் நாம் பேசுகிற தமிழ் புரியும். பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். அங்கே அரிசிச் சோறுதான் சாப்பிடுவார்கள் என்கிறாள்.

"அது வேற அரிசி கண்ணு. பிசுபிசுன்னு இருக்கும். நமக்கு ஆவாது."

மேகாலயா அன்றோடு தோற்றது. அப்புறம் காஷ்மீர், ஜெய்சல்மேர், அந்தமான். எல்லாவற்றையும் சோற்றுப் பானைக்குள் போட்டு மூடினார். கடைசியில், "கொடைக்கானல் போலாமே. போற வழியில கோபில ரெண்டு நாள் தங்கிக்கலாம்" என்றார். கோபியில் தங்கினால் யார் சமைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. நான் சிகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். என் தாத்தாவுக்குத் தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு இங்கே வந்தவர். எனக்கென்று போவதற்கு வேறு ஊரே கிடையாது. லீவு விட்டால் ஊருக்குப் போவது என்றால் அது எப்போதும் இவர் ஊர்தான்.

"நக்கோ" என்றேன். வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. "கொடைக்கானலும் நக்கோ, கோபியும் நக்கோ. கண்ணுக்கே தெரியாத தூரத்துல ஒரு ஊர் சொல்லுங்க. குக்கர் வராது."

ஏப்ரலில் நல்ல செய்தி வந்தது. இவர் வேலை பார்க்கிற ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் துரைராஜ் என்று ஒரு மதுரைக்காரர் உண்டு. ஃபேக்டரிக் குடியிருப்பான எங்கள் டவுன்ஷிப்பின் தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்து வருடா வருடம் டூர் நடத்துவது அவருக்கு ஒரு பைத்தியம். இந்த வருடம் சிம்லா, மணாலி. கூடவே திருச்சியிலிருந்து ஒரு சமையல்காரரும் வருகிறார், காலையில் இட்லி, மதியம் சாம்பார் ரசம். இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியா அம்மிணி, உனக்கும் லீவு, எனக்கும் சோறு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். சாமி வரம் கொடுத்து, பூசாரியும் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாளே போய் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கினேன், வாழ்க்கையில் முதல் ஷூ. புது ஷூ கடிக்கும், போட்டுப் பழகிக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். அந்த வெயிலில் வீட்டுக்குள்ளேயே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். சாய்கிருஷ்ணா வீடியோ எடுத்துச் சிரித்தான். சிரிக்கட்டுமே. எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. குழம்பு கொதிக்கும்போதும் ஷூவோடுதான் அடுப்படியில் நின்றேன்.

டூருக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்யூனிட்டி ஹாலில் எல்லோரையும் கூப்பிட்டார் துரைராஜ். யார் யாருக்கு எந்த பஸ், எத்தனை ஸ்வெட்டர் என்று பேசத்தான் என்று போனோம். அவர் முகமே சரியில்லை.

"அண்ணே, ஒரு சிக்கல். சமையக்காரர் கைய விரிச்சுட்டாரு. கல்யாண சீசன், பெரிய காண்ட்ராக்ட் வந்துருச்சாம். இப்ப போயி யாரத் தேடுறது? டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு."

ஹாலில் ஒரே சலசலப்பு. ஒருவர் அங்கங்கே ஓட்டலில் சாப்பிடலாம் என்றார், ஒருவர் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டுவிடும் என்றார். நான் மனதுக்குள், ஓட்டல் என்று சொன்னவர் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. இவர் எழுந்து நின்றார்.

"இதுக்கு எதுக்குங்க கவலப்படறீங்க? என்ற வூட்டம்மா இருக்குது. அம்பது பேர்னாலும் அசராது. கோவாவுலயே சோறாக்கிப் போட்டுருக்குது. காய் நறுக்க மட்டும் ரெண்டு பேரு கை குடுத்தாப் போதும்."

எல்லோரும் கை தட்டினார்கள். துரைராஜ் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "மதினி, எங்க வயித்துல பாலை வாத்தீங்க. உங்களுக்கு டிக்கெட் ஃப்ரீ" என்றார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்ததுபோல, என் கையை எடுத்து ஊருக்கே தானம் பண்ணிவிட்டு, இந்த மனிதர் சிரித்துக்கொண்டு உட்காருகிறார். என்னைப் பார்த்து ஒரு பெருமைப் பார்வை வேறு. நிஜமாகவே என்னைப் புகழ்ந்ததாகத்தான் நினைத்தார். அதுதான் கொடுமை. வேண்டுமென்றே செய்திருந்தால் அங்கேயே ஒரு பிடி பிடித்திருப்பேன். அத்தனை பேர் கை தட்டும்போது என் வாய் இளித்துக்கொண்டு கிடந்தது.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தேன்.

"யாரக் கேட்டு சொன்னீங்க?"

"ஏன், என்ன இப்போ? உன்ற சமையல நாலு பேரு மெச்சட்டும்னுதான்."

"மார்ச்சுலேர்ந்து என்ன சொல்லிட்டு இருக்கேன் நான்? செவுத்துக்கிட்டயா சொன்னேன்?"

"குக்கர்தான வேண்டான்ன. அங்க பெரிய அடுப்பு, பெரிய அண்டா இருக்குது. குக்கர் வரப்போறதில்ல."

இவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சத்தியமாக இவருக்கு அது ஒரு நியாயமாகப் பட்டது. அப்போது ஹர்ஷிதா அறையிலிருந்து வந்தாள். என் தோளில் கை வைத்தாள்.

"மம்மி, நுவ்வு டென்ஷன் படகு. நேனு வண்டுதா. ஐ வில் மேனேஜ்."

நீ கவலைப்படாதே, நான் சமைக்கிறேன் என்கிறாள். நல்ல மனதோடுதான் சொன்னாள், சண்டை நிற்கட்டும் என்று. இவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அட, அப்படிச் சொல்லு கண்ணு. பாப்பாவே பாத்துக்கும். அதுக்கும் பழக்கம் ஆவட்டும்."

பழக்கம் ஆகட்டும். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் தெரிந்துபோனது. இவள் புனேயில் வேலை பார்ப்பாள், ஒரு நாள் கல்யாணம் ஆகும், ஒரு குழந்தை பிறக்கும், ஒரு குக்கர் வாங்குவாள். எங்கேயோ ஒரு லாட்ஜ் ஜன்னலிலிருந்து எதையோ பார்த்துக்கொண்டு அரிசி களைவாள். அம்மாவும் இப்படித்தான் செய்தாள் என்று நினைத்துக்கொள்வாள்.

"எதுக்குப் பழகணும் அவ?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவ அண்டாவத் தொட்டா, நான் அந்தக் குக்கர எடுத்து மூணாவது மாடியிலேர்ந்து ரோட்ல வீசிடுவேன். சொல்லிட்டேன். பழகணும்னா நீங்க பழகுங்க. உங்க வயித்துக்காக இந்த வீட்ல ஒரு பொம்பள போதும். ரெண்டாவது நக்கோ."

நான் போனை எடுத்துத் துரைராஜைக் கூப்பிட்டு, "தம்பி, நாங்க நாலு பேரும் வரல, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிம்லாவும் போனது, மணாலியும் போனது. பின்னால் கேள்விப்பட்டேன், அவர்கள் எல்லோரும் போகிற இடத்தில் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்வதாக முடிவு செய்து அமைதியாகப் போய்விட்டார்களாம். ஊரே பட்டினியில் சாகப்போகிற மாதிரி அன்றைக்கு என்னைத் தூக்கிக் கொடுத்தார்களே.

மறுநாள் காலை வழக்கம்போல இவருடைய டிபன் பாக்ஸைக் கட்டப் போனேன். "வேண்டாம்" என்றார். "இன்னிக்கி வேண்டாம்." சொல்லிவிட்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் வேண்டாம் என்றார். அதற்கடுத்த நாள் கேட்காமலே நான் கட்டி வைத்தேன். அதை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளையின் கோபம் கடைசியில் சோற்றின் மேல்தான் வந்து இறங்கும். கையால் அடிக்க மாட்டார்கள், தட்டைத் தள்ளிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும், என் அப்பாவும் தள்ளியிருக்கிறார். ஆனால் இவர் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தள்ளியதில்லை. உப்பில்லாத குழம்பைக்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்ட மனிதர். கல்யாணமான நாளிலிருந்து இவர் சோற்றுக்காக ஊர் ஊராகக் குக்கர் தூக்கினேன், இப்போது என் சோறு வேண்டாமாம். கவிழ்த்து வைத்த டிபன் பாக்ஸைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வந்தது, கூடவே அழுகையும். இரவில் வந்து கொஞ்சம் மோர் சோறு சாப்பிட்டுவிட்டு, சோடா குடித்து ஏப்பம் விட்டுக்கொண்டு படுத்துவிடுவார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டில் இருக்க முடியவில்லை. துணி மடித்தால் பாதியில் எழுந்தேன். டிவி போட்டால் அணைத்தேன். ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். ஒரு நாள் பகலில் மூலையில் கிடந்த ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மல்காஜ்கிரியில் என் அண்ணன் வீடு இருக்கிறது, அங்கே போய் நாலு நாள் உட்காரலாம் என்றுதான் லிங்கம்பள்ளியில் லோக்கல் ரயில் ஏறினேன். ஆனால் அங்கேயும் அண்ணி "வாங்க ஹம்சா, வந்து கொஞ்சம் கை குடுங்க" என்று அடுப்படிக்குத்தான் கூப்பிடுவாள். சிகந்திராபாத்தில் இறங்கினேன், பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டேன்.

எதிரே கௌஹாத்திக்குப் போகிற கோடைச் சிறப்பு ரயில் ஒன்று நின்றிருந்தது. இங்கே கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஏறிக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், காகிதத்தில் பொரியைக் கொட்டி, வெங்காயமும் பச்சைமிளகாயும் கடுகெண்ணெயும் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றதில் அவளுக்கு என்ன தோன்றியதோ, ஜன்னல் கம்பி வழியாக ஒரு பிடி நீட்டினாள். கூச்சப்படாமல் வாங்கித் தின்றேன். கடுகெண்ணெய் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. நன்றாக இருந்தது.

"தீதி, நீங்க எங்க போறீங்க?" என்று இந்தியில் கேட்டாள்.

கால் இருந்தும், ஷூ இருந்தும், எனக்குப் பதில் தெரியவில்லை. மார்ச்சிலிருந்து எங்கே போகக்கூடாது, எது கூட வரக்கூடாது என்று மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கே போக வேண்டும் என்று என்னையே நான் கேட்டதில்லை. ரயில் நகர்ந்தது. அவள் கை ஆட்டினாள். நான் அடுத்த லோக்கலைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

டவுன்ஷிப் வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றது. முன் படியில் ஆக்னஸ் இறங்கினாள். கீழ்வீட்டுக்காரி, திருச்சிப் பெண், ஃபேக்டரி அக்கவுண்ட்ஸில் வேலை. என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சாருக்கு ஒடம்பு சரியில்லையா? ஒரு வாரமா கேண்டீன்ல வடநாட்டுச் சாப்பாடு குடுக்குற பக்கம்தான் வர்றாரு. ரெண்டு சப்பாத்தி, மஞ்சப் பருப்பு. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சு முழுங்குறாரு, பாக்கவே பாவமா இருக்கு. என்ன சார் இது, அக்கா ஊருக்குப் போயிருக்காங்களான்னு கேட்டேன். இல்லம்மா, ட்ரையல் ரன் போயிட்டிருக்குதுன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

எனக்குப் புரிந்தது. இவர் இருப்பது டெஸ்டிங் பிரிவில். ராட்சத மோட்டாராகட்டும், சின்ன பம்ப்பாகட்டும், வாரக்கணக்கில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் ஃபேக்டரி கேட்டைத் தாண்டி அனுப்ப மாட்டார்கள். 'ட்ரையல் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்' என்பது வீட்டிலும் இவர் வேதம். புது ஃபேன் வாங்கினால்கூட ஒரு ராத்திரி முழுக்கச் சும்மா சுற்றவிட்டுத்தான் படுப்பார். இப்போது தன் வயிற்றையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பழகணும்னா நீங்க பழகுங்க என்று நான் கத்தியதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். அதையும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்திருக்கிறார் பாருங்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் மறுபடி கோபம் வந்தது.

சாயங்காலம் அடுத்த பஸ்ஸில் வந்தவரிடம் சீரகத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ட்ரையல் எப்படிப் போகுது?"

திடுக்கிட்டார். பிறகு தரையைப் பார்த்தார். "ஓடுது. சத்தம் கொஞ்சம் வருது. மொத மூணு நாளு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. இப்ப தேவல."

"இத்தனை நாளா நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் சோறு வேண்டாம்னு கோவத்துல போறீங்கன்னு நெனச்சு செத்துட்டு இருந்தேன்."

"கோவமா? எனக்கா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஆனதுக்கப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன் அம்மிணி. மொதல்லயே சொல்லிட்டு, வயிறு நின்னு போச்சுன்னா? மறுபடி நீ குக்கரத் தூக்கோணும். பாப்பா தூக்கறேன்னு சொன்னப்ப நான் சிரிச்சனில்ல, அன்னிக்கி ராத்திரி பூராவும் அதேதான் மனசுல ஓடுச்சு. நான் சிரிச்சிருக்கப்படாது." கையிலிருந்த டம்ளரை உருட்டினார். "உன்னையக் கேக்காம வாய உட்டது தப்புதான்."

பிள்ளைகள் அறை வாசலில் வந்து நின்றார்கள். இவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லு. எங்க போலாம்?"

நான் இவரையே பார்த்தேன். இந்தக் கேள்வியை இவர் என்னிடம் கேட்டதே இல்லை. ஊர் சொல்வார், சோறு கேட்பார், நான் மூட்டை கட்டுவேன். இன்றைக்கு ஒரே நாளில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், ரயில் ஜன்னலில் பொரி பிசைந்தவளும் இவரும்.

"கௌஹாத்தி" என்றேன்.

"அங்க என்ன இருக்குது?"

"தெரியாது. இன்னிக்கி மத்தியானம்தான் அந்த ரயிலப் பாத்தேன். அது எங்க போகுதோ அங்க போகணும். அதுக்கப்புறம் எங்க போறதுன்னு அங்க போய்ப் பாத்துக்கலாம்."

ஹர்ஷிதா அறை வாசலிலேயே குதித்தாள். கௌஹாத்தியில் இறங்கினால் அடுத்தது மேகாலயாதான், மார்ச்சிலேயே அதைத்தானே சொன்னேன் என்று தெலுங்கில் எங்கள் எல்லோரையும் ஒரு பிடி பிடித்தாள். சாய்கிருஷ்ணா அங்கே பனி விழுமா என்று போனில் தேட ஆரம்பித்தான். விழாது என்று தெரிந்ததும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். எல்லோருக்கும் எல்லாமா கிடைக்கிறது. ஆமை மாதிரி போகிற சிறப்பு ரயில் என்பதால் டிக்கெட் இருந்தது.

கிளம்புகிற அன்று இவர் பெட்டியில் லுங்கியை மடித்து வைத்தார். தட்டையாக, வெறும் லுங்கியாக. குக்கர் சமையலறை அலமாரியில் மூடியோடு இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஸ்டேஷன் வரை எதையோ மறந்துவிட்ட மாதிரியே இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. பையைத் திறந்து திறந்து பார்த்தேன்.

மறுநாள் பகல். ரயில் எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை. இதற்கு முன் பார்த்திராத சிவப்பு மண், பார்த்திராத குளங்கள் ஜன்னலில் ஓடின. ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஏறிய ஆள் மூடி போட்ட தட்டுகளைக் கொண்டுவந்தார். நாலு தட்டு. பழக்கத்தில் நான் மூன்றைப் பிரித்து மூன்று பேருக்கும் வைத்தேன். ஊறுகாய் பாக்கெட்டைக் கிழித்தேன். தண்ணீர் பாட்டிலைத் தேட எழுந்தேன்.

"உக்காரு" என்றார் இவர். "நீ உக்காரு மொதல்ல."

நாலாவது தட்டை அவரே பிரித்து என் மடியில் வைத்தார். ஹர்ஷிதாவும் சாய்கிருஷ்ணாவும் கையைத் தட்டில் வைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வாய் எடுத்த பிறகுதான் அவர்களும் எடுத்தார்கள். இவர் பருப்பைப் பிசைந்தார், முகத்தைச் சுளித்தார், ஒன்றும் சொல்லாமல் விழுங்கினார். சோறு சரியாக வேகவில்லை. பருப்பில் உப்பு தூக்கல். என் வீட்டில் இப்படி ஒரு சாப்பாட்டை யாருக்கும் போட்டிருக்க மாட்டேன்.

ஆனால் சூடாக இருந்தது. ஆவி முகத்தில் பட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.